பல்லைப் பிடித்துப் பார்ப்போம்

வாசகர் கேள்வி – பதில்

விலங்குகளின் பல், மண்டையோடு பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

*

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஆட்டு மண்டையோட்டையும் நாய் மண்டையோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆசை. ஆட்டுத் தலையைக் குக்கரில் வேகவைத்தேன். முன்பல் எல்லாம் கொட்டி, எலும்பு மஞ்சளாகி எண்ணெய் வடிகிறது. எங்கே தவறு? – பத்தாம் வகுப்பு மாணவி, பாலக்கோடு

பதில்: குக்கரில்தான் தவறு. கொதிக்கும்போது கொழுப்பு உருகி எலும்புக்குள் இறங்கிவிடும். மண்டையோட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் தையல் விட்டுப்போகும். பல் விரிசல் விடும். அடுத்த முறை கறிக்கடையிலேயே வேலையைத் தொடங்குங்கள். நம் ஊரில் தலையைத் தீயில் வாட்டி, மூளை எடுக்க இரண்டாகப் பிளந்துதான் தருவார்கள். வாட்டிய தலையில் பல் கருகியிருக்கும். முதல் நாளே போய், “வாட்ட வேண்டாம், பிளக்க வேண்டாம், தோலை மட்டும் உரித்துக் கொடுங்கண்ணா” என்று சொல்லி வையுங்கள்.

கீழ்த்தாடையைப் பிரித்து, நாக்கு, கண், பெரிய சதைகளை எடுத்துவிடுங்கள். எலும்பைச் சுரண்ட வேண்டாம். கழுத்துப் பக்கத்து ஓட்டை வழியாக வளைத்த கம்பியால் மூளையைக் கலக்கித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் மண்டையோடு மூழ்கும்படி பச்சைத் தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்துவிட வேண்டியதுதான். சதையைத் தின்பது பாக்டீரியா. அதனால் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் கொட்டினால் வேலைக்காரர்களையும் சேர்த்துக் கொட்டியதாகும். கோடையில் இரண்டு மூன்று வாரம், மார்கழிக் குளிரில் அதைவிட அதிகம் ஆகும். நாற்றம் தாங்காது, வீட்டுக்குத் தள்ளி வையுங்கள். கழிவுநீரை எருக்குழியில் ஊற்றலாம், ஆனால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். ஆட்டின் எட்டு முன்பற்களும் தாடையில் தளர்வாகத்தான் நிற்கும். சதை கரைந்ததும் கழன்று வாளியின் அடியில் கிடக்கும். அவை காணாமல் போவது பெரும்பாலும் தண்ணீர் மாற்றும்போதுதான்.

கொம்பு இருந்தால் வெளி உறை இந்த நாட்களில் தளர்ந்து கழன்று வரும். உள்ளே இருப்பது எலும்புத் தண்டு. இரண்டையும் தனித்தனியாகக் கழுவிக் காயவைத்து மாட்டிவிடலாம். அடுத்து எண்ணெய் எடுக்க வேண்டும். 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி கலந்து ஊறவைத்து, தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு வாரமாவது பிடிக்கும். வெளுக்க, மருந்துக்கடையில் புண் கழுவத் தரும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். 6 சதவீதக் கரைசல் கிடைத்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து ஒரு நாள் ஊறவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வாயு வரும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். எடுத்த அன்று பளிச்சென்று இருக்கும், ஆனால் அது எலும்பை உள்ளே தின்றுகொண்டே போய் ஓர் ஆண்டில் உதிரவைத்துவிடும். காயவைப்பது நிழலில், வெயிலில் வைத்தால் பல் பிளக்கும். கழன்ற பல்லை வெள்ளை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். இடம் மாறிவிட்டாலும் ஈரத்துணி வைத்து எடுத்து மாற்றலாம். நொடியில் ஒட்டும் பசைக்கு அந்தக் கருணை கிடையாது.

நாய் மண்டையோட்டு யோசனையைக் கைவிடுங்கள். தெருவில் செத்துக் கிடக்கும் நாய்க்கு வெறிநோய் இருந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. எச்சிலும் மூளையும் ஆபத்து. நோயில் செத்த ஆடு மாடும் வேண்டாம். மூக்கில் ரத்தம் வடியத் திடீரென்று செத்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். நாய்க்குப் பதிலாகப் பன்றிக்கறிக் கடையில் ஒரு தலை வாங்குங்கள். நாய்ப் பல்லை வீட்டு நாய் கொட்டாவி விடும்போது படம் பிடித்து ஒட்டினால் போதும்.

கண்காட்சியில் பல்லின் எண்ணிக்கையை எழுதி ஒட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். தாடையை ஆட்டிக் காட்டுங்கள். ஆட்டின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். இடது கடைவாய்ப் பற்களைப் பொருத்தினால் வலது பக்கம் பொருந்தாது. அதனால் ஒரு பக்கமாகப் பக்கவாட்டில் இழுத்துத்தான் அரைக்கும். தாடை மூட்டு பல்வரிசைக்கு வெகு மேலே இருப்பதால் கடைவாய்ப் பல் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேரும். நாய்க்கு மூட்டு பல்வரிசையின் மட்டத்திலேயே இருக்கிறது. கத்தரிக்கோல் போல உள்ளேயிருந்து வெளியே மூடிக்கொண்டு வரும். பக்கவாட்டு அசைவு மிகக் குறைவு. மேலே நான்காவது முன்கடைவாய்ப் பல்லும் கீழே முதல் பின்கடைவாய்ப் பல்லும் உரசிச் செல்லும் இடம்தான் அதன் கத்தி. நாய் எலும்பைக் கடிக்கும்போது தலையைச் சாய்த்துக் கன்னத்துப் பக்கம் தள்ளுவது அதனால்தான். பன்றிக்குக் கடைவாய்ப் பல் மேடு மேடாக, உரலில் இடிக்கத் தோதாக இருக்கும். முழு வளர்ச்சியில் 44 பல் என்று புத்தகத்தில் இருக்கும். கறிக்கடைப் பன்றி இளசு, கடைசிப் பற்கள் தாடைக்குள்ளேயே இருக்கும். எண்ணிப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஆட்டுக் கடைவாய்ப் பல்லை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பிறை வடிவ வரம்புகள் தட்டுப்படும். வரம்பு எனாமல், நடுவே பள்ளமாக இருப்பது அதைவிட மென்மையான பல்திசு, அது சீக்கிரம் தேய்கிறது. ராகி அரைக்கும் திருகைக் கல் வழவழப்பாகிவிட்டால் ஆள் கூப்பிட்டுக் கொத்த வேண்டும். ஆட்டுப் பல் தேயத் தேயத் தானே கொத்திக்கொள்ளும் கல். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் சாவி.

*

கேள்வி: சந்தையில் தரகர் வாயைத் திறந்து காட்டி “நாலு பல்” என்றார். மேல் வரிசையில் பல்லே இல்லையே, விழுந்த கிழ மாடா? – போச்சம்பள்ளி

பதில்: எந்த மாட்டுக்கும் மேல் முன்வரிசையில் பல் கிடையாது. அங்கே கெட்டியான ஈறுத் திண்டுதான். மாடு நாக்கால் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் திண்டுக்கும் நடுவே பிடித்துத் தலையை வெட்டி இழுத்து அறுக்கும். தரகர் எண்ணியது கீழே முளைத்த நிலைப்பற்களை. ஏறக்குறைய இரண்டு வயதில் ரெண்டு பல், இரண்டரை முதல் மூன்றுக்குள் நாலு பல், மூன்றரையில் ஆறு, நாலு நாலரையில் எட்டும் வந்து கடை சேர்ந்துவிடும். இனத்தையும் தீனியையும் பொறுத்துச் சில மாதம் முன்பின் ஆகும். ஆலம்பாடி போன்ற நாட்டு மாடுகளுக்குக் கொஞ்சம் தாமதமாகவே வரும். கடை சேர்ந்த பிறகு எண்ணிக்கை உதவாது; தேய்மானத்தையும் பல்லுக்கிடையே விழும் இடைவெளியையும்தான் பார்க்க வேண்டும்.

பால் பல் சிறியது, வெள்ளை, கழுத்து ஒடுங்கியது. நிலைப்பல் அகலம், லேசான மஞ்சள். பார்க்கும்போது மாட்டின் முன்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளியில் விரலை நுழைத்தால் வாய் தானே திறக்கும். விரல் அதற்கு உள்ளே போனால் திருகையில் மாட்டிய கதைதான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைத் தாராளமாகப் பாருங்கள்.

*

கேள்வி: அனுமக் குரங்குக்கு இவ்வளவு பெரிய கோரைப்பல் இருக்கிறதே, மாமிசம் தின்னுமா? – பென்னாகரம்

பதில்: தின்பதற்கில்லை, மிரட்டுவதற்கு. ஆண் குரங்குகள் ஒன்றையொன்று விரட்ட வைத்திருக்கும் ஆயுதம் அது, பெண்ணுக்குச் சிறியது. தீனியை அறியக் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் இரண்டு குறுக்கு வரம்பு, இலையை நறுக்க. சருகுமானுக்கும் கோரைப்பல் உண்டு, அதுவும் காய், பழம், இலை தின்பதுதான். கோரைப்பல்லைக் கண்டதும் ‘ஊனுண்ணி’ என்று எழுதும் பழக்கத்தைப் பாடப்புத்தகங்களும் விட்டால் நல்லது.

*

கேள்வி: ராகி கதிர் பிடிக்கும் நேரத்தில் யானை இறங்குகிறது. விடிந்து பார்த்தால் லத்தியில் ராகி முழுசு முழுசாகக் கிடக்கிறது. அவ்வளவு பெரிய பல்லை வைத்துக்கொண்டு மெல்லாதா? – தேன்கனிக்கோட்டை

பதில்: மெல்லும், ஆனால் ராகி அதன் பல்லுக்கு மிகப் பொடி. யானையின் கடைவாய்ப் பல் தகடு தகடாக அடுக்கி ஒட்டிய செங்கல் மாதிரி. குறுக்கே எனாமல் வரம்பு, நடுவே பள்ளம். புல், மூங்கில், பட்டை போன்ற நாரை முன்னும் பின்னுமாக இழுத்து அறுக்க அமைந்தது. பள்ளத்தில் விழும் சிறு தானியம் வரம்பில் படாமலே தப்பிவிடும். மென்று விழுங்கியதிலும் பாதிக்கும் குறைவாகத்தான் யானையின் குடலில் செரிக்கிறது.

இந்தப் பல் நம் பல் போலக் கீழிருந்து முளைக்காது. தாடையின் பின்னால் உருவாகி முன்னோக்கி நகர்ந்து, தேய்ந்த முனை துண்டு துண்டாக உடைந்து விழும். ஒரு பக்கத் தாடைக்கு ஆயுளில் ஆறு பல், நான்கு பக்கத்துக்கும் 24. ஆறாவது தேய்ந்து முடிவது அறுபதையொட்டி. அதற்குப் பிறகு வயிறு நிறைய மெல்ல முடியாது. தந்தம் இந்தக் கணக்கில் வராது, அது மேல் முன்பல்.

யானை ராகி தின்றதைப் பல்லை ஆய்வகத்தில் சோதித்துச் சொல்ல முடியுமா என்று இதே ஊரிலிருந்து இன்னொருவர் கேட்கிறார். பாதிதான் முடியும். கரிமத்தில் கார்பன்-13 என்ற கனமான வகை ஒன்று உண்டு. மரம், அவரை, துவரை, நெல் ஆகியவற்றில் அதன் அளவு, ஒப்பிட வைத்திருக்கும் ஒரு பொதுத் தரத்தைவிட ஆயிரத்துக்குச் சுமார் 27 குறைவு, அதாவது மைனஸ் 27. ராகி, சோளம், கம்பு, கரும்பில் சுமார் மைனஸ் 13. தின்றதன் முத்திரை எனாமலில் பதிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் நம் காட்டுப் புல்லில் பெரும்பாலானவையும் ராகி இனத்து முத்திரையையே தரும். மரத்தழை தின்றதா, புல் இனம் தின்றதா என்று பிரிக்கலாம். காட்டுப் புல்லா, உங்கள் வயலா என்று இதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இழப்பீட்டு மனுவுக்கு இந்தச் சோதனை உதவாது, கால்தடப் படமும் லத்தியும்தான் உதவும்.

*

கேள்வி: ஒகேனக்கல் முதலைப் பண்ணையில் பார்த்தேன். முதலைக்குப் பல் எல்லாம் ஒரே மாதிரிதானே? கல்லை விழுங்கும் என்பது உண்மையா? – தருமபுரி

பதில்: ஒரே மாதிரி போலத் தெரியும். அங்கே இருப்பது சதுப்புநில முதலை, மொத்தம் 64 முதல் 68 பல். முன்னால் உள்ளவை கூர்மையான கூம்பு. பின்னால் போகப் போக மழுங்கிக் கட்டையாகும். ஆமை ஓட்டையும் நண்டையும் உடைப்பது பின்பக்கம். எந்தப் பல்லிலும் அறுக்கும் விளிம்பு இல்லை. அதனால் பிடிக்கத் தெரியும், மெல்லத் தெரியாது. பெரிய இரையைப் பிய்க்க உடம்போடு சுழலும். விழுந்த பல்லின் அடி பொள்ளலாக இருக்கும், அடுத்த பல் அந்தப் பொந்துக்குள்ளிருந்தே வருகிறது. வாயை மூடியிருக்கும்போது பாருங்கள், கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரியும். கல் விழுங்குவது உண்மை. வயிற்றில் அரைக்க என்றும், தண்ணீரில் மூழ்க எடைக்கு என்றும் ஆய்வாளர்கள் இரு விதமாகச் சொல்கிறார்கள்.

வட இந்தியாவின் கரியல் என்ற முதலை வகைக்குத் தாடை ஒல்லிக் குச்சி, நூறுக்கு மேல் ஊசிப்பல். தண்ணீரில் பக்கவாட்டில் சட்டென்று வீச அகலத் தாடை தடை. மீன் பிடிக்க ஒல்லிதான் சரி. ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசருக்கும் நீண்ட தாடையும் ரம்ப விளிம்பில்லாத கூம்புப் பல்லும் இருந்ததைக் கண்டுதான், அது மீனைப் பெரிதும் நம்பியது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

*

கேள்வி: டைனோசரை யாரும் பார்த்ததில்லை. இது புல் தின்றது, அது கறி தின்றது என்று எந்தத் துணிச்சலில் சொல்கிறார்கள்? – ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: பல் எந்த வேலைக்கு ஏற்றது என்று முதலில் சொல்கிறார்கள். எதைத் தின்றது என்பதற்கு வேறு சாட்சி தேடுகிறார்கள். இந்த இரண்டையும் குழப்பினால்தான் தவறு வருகிறது.

முதலில் குறுக்குவெட்டு. அல்லோசாரஸின் பல் தட்டையான கத்தி, இரு விளிம்பிலும் நுண் ரம்பம், சதையை அறுக்க. டைரனோசாரஸின் பல் தடித்த கடப்பாரை முனை, வேரோடு சேர்த்து 30 செ.மீ. வரை, எலும்பில் இறங்கினாலும் ஒடியாது. அந்த ஊகத்துக்குச் சாட்சி ட்ரைசெராடாப்ஸ் என்ற இன்னொரு டைனோசரின் எலும்புகளில் பதிந்த அதன் பல் துளைகள். 1998ல் கனடாவிலிருந்து அறிவிக்கப்பட்ட 44 செ.மீ. நீளப் புதைபடிவச் சாணத்தில் நொறுங்கிய எலும்புத் துண்டுகளே கிடைத்தன.

இலை தின்றவற்றில் இரண்டு வழி. டிப்ளோடோகஸுக்கு வாயின் முன்பக்கம் மட்டும் பென்சில் பற்கள். இலையைச் சீவி அப்படியே விழுங்கும், அரைப்பதெல்லாம் குடல். பல் சீக்கிரம் தேய்ந்துவிடும். பல்லுக்குள் நாள்தோறும் படியும் வரிகளை எண்ணி, ஒரு பல் இடத்தில் அடுத்தது வர சுமார் 35 நாள் என்று 2013ல் கணக்கிட்டார்கள். அகலப் பல் கொண்ட கமராசாரஸுக்குச் சுமார் 62 நாள். ஹாட்ரோசார்கள் மெல்லும் கூட்டம். நூற்றுக்கணக்கான பற்கள் செங்கல் சுவர் போல நெருங்கி, மேலே தேயத் தேயக் கீழிருந்து அடுத்த வரிசை ஏறும். அந்தப் பல்லில் ஆறு வகைத் திசு இருந்ததை 2012ல் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் தேயும். நம் மாட்டுப் பல்லையும் மிஞ்சிய, தானே கொத்திக்கொள்ளும் திருகை.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் கோதாவரிப் படுகையின் மலேரிப் பாறைகளில் கிடைத்த ஹைப்பரோடாபிடான். 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஊர்வன. முன்னால் அலகு, மேல்தாடையில் பல்தட்டும் நடுவே ஒரு பள்ளமும். கீழ்த்தாடை அலகுக்கத்தி மாதிரி அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். பாக்குவெட்டியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பல் மாத்திரம் பேசினால் எங்கே நிற்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா சாட்சி. அங்கே நீள்கழுத்து டைனோசர்களுடையவை எனக் கருதப்படும் சாணப் படிவங்களில், நெல்லின் உறவுகள் உள்ளிட்ட புற்களின் சிலிக்கா துகள்களை 2005ல் கண்டார்கள். டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்று அதுவரை நம்பியிருந்தார்கள். எந்தப் பல்லும் அதைச் சொல்லியிருக்காது.

பல்லே கிடைக்காவிட்டால்? அரியலூர்க் கல்லமேட்டில் கிடைத்த பிருஹத்காயோசாரஸை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு, கால் எலும்புகள் போன்றவைதான். மண்டையோடும் இல்லை, பல்லும் இல்லை. 1980களில் ஊனுண்ணி என்று விவரித்தார்கள்; பின்னால் அது நீள்கழுத்துத் தழையுண்ணி என்று மாறியது. அந்த எலும்புகளோ உதிர்ந்து மண்ணாகிவிட்டன, இனி எடுத்துச் சரிபார்க்க வழியில்லை. ஒரே ஒரு பல் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அதே கல்லமேட்டிலிருந்து 2013ல் ஒற்றைப் பல்லை வைத்து ட்ரூடாண்டிட் என்ற சிறு டைனோசர் குடும்பத்தை அடையாளம் கண்டார்கள். அந்தக் குடும்பத்தின் பல்லில் ரம்பப் பற்கள் பெரிதாக, கொக்கி போல, இலை தின்னும் பல்லிகளுடையதை நினைவூட்டும்படி இருப்பதால், அவை கறியோடு தழையும் தின்றிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. மடகாஸ்கரின் சிமோசூகஸ் இன்னும் வேடிக்கை. முதலைக் கூட்டம்தான், ஆனால் மூஞ்சி மொண்ணை, பல் பல முனை கொண்ட இலை வடிவம். முதலை என்ற பெயரைக் கேட்டுக் கறி என்று எழுதியிருந்தால் தவறியிருப்போம்.

*

கேள்வி: கிணறு தோண்டும்போது கல்லாகிப்போன பல் ஒன்று கிடைத்தது. டைனோசர் பல் என்று எல்லோரும் வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். – ஊத்தங்கரை

பதில்: டைனோசராக இருக்க வழியில்லை. நம் இரு மாவட்டங்களின் அடிப்பாறை நீஸ், சார்னோகைட், கிரானைட். பெரும்பகுதி சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. டைனோசர்கள் வந்ததே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். அவை வாழ்ந்த காலத்து வண்டல் பாறை இங்கே இல்லை, அரியலூரில் இருக்கிறது.

முதலில் அது பல்தானா பாருங்கள். கூரான முனையைக் கண்ணாடிப் பாட்டிலில் அழுத்திக் கீறுங்கள். ஆழமாகக் கீறினால் வெங்கச்சங்கல். பல் அப்படிக் கீறாது. பல்தான் என்றால் அரைக்கும் பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். இரண்டிரண்டு பிறை தெரிந்தால் மாடு. சதுரமாக, உயரமாக, எனாமல் கோலம் போட்டதுபோல மடிந்து மடிந்து போனால் குதிரை. இராயக்கோட்டையும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் இருக்கும் மண்ணில் குதிரைப்பல் கிடைப்பது அதிசயமில்லை. கூடவே கறுப்பு-சிவப்புப் பானை ஓடு கிடந்தால் தோண்டுவதை நிறுத்தித் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பல்லைவிட அது கிடந்த இடமும் ஆழமும்தான் முக்கியம். காட்டு விலங்கின் பல், தந்தம், மண்டையோடு என்றால் வீட்டில் வைக்கவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

*

கேள்வி: கரடிக்கு முன்பல் இரண்டு இல்லை என்கிறார்களே, சண்டையில் போயிருக்குமா? – அஞ்செட்டி

பதில்: பிறவியிலேயே நிலைப்பல்லாக வராது. மேல் வரிசையின் நடு இரண்டு பல் இல்லாத சந்து, குழிந்த மேலண்ணம், நீட்டிக் குவிக்கும் உதடு – மூன்றும் சேர்ந்தால் கரையானை உறிஞ்சும் குழல். புற்றில் வாயை வைத்து உறிஞ்சும் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். எறும்புதின்னியான அழுங்கு இன்னும் ஒரு படி மேலே போய்ப் பல்லையே விட்டுவிட்டது. எறும்பை அரைப்பது மண்ணும் பொடிக்கல்லும் நிறைந்த அதன் இரைப்பை.

*

கேள்வி: ஓணானுக்குப் பல் உண்டா? – ஆறாம் வகுப்பு மாணவன், அரூர்

பதில்: உண்டு, தம்பி. சுவரில் ஓடும் பல்லிக்குத் தாடையின் உட்பக்கம் சாய்ந்து ஒட்டியிருக்கும், விழுந்தால் மறுபடி முளைக்கும். ஓணானுக்குப் பெரும்பாலான பல் தாடை எலும்பின் உச்சியிலேயே இணைந்து நிற்கும், தேய்ந்தால் மாற்று கிடையாது. கிழட்டு ஓணானுக்குப் பல் தேய்ந்து முடிந்து தாடை எலும்பின் விளிம்பே பல் வேலை செய்யும். பார்க்க வேண்டுமென்று பிடிக்காதே, கடித்தால் விடாது.